எட்ஜ்வுட் பார்க்: எந்த ட்ரெயில், எந்த மாசம், எதைப் பார்த்து நடக்கணும்

நீங்க கேட்டது இதுதானே: அம்மா அப்பா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, கலிஃபோர்னியாவுல ரெட்வுட் சிட்டி பக்கத்துல இருக்கிற எட்ஜ்வுட் பார்க்குக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா, அம்மாவுக்கு முட்டி வலி வேற, எந்த ட்ரெயில் (நடைபாதை) அவங்க நடக்கிற மாதிரி இருக்கும், பாம்பு பூச்சி பயம் உண்டா, வீட்டு நாயையும் கூட்டிட்டுப் போகலாமா, அப்புறம் "அங்க என்ன இருக்கு, வெறும் காஞ்ச புல்லும் நாலு ஓக் மரமும்தான்"னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னாரே அது நிஜமா. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாவே போகும், ஏன்னா இந்த இடத்தைப் பத்தி ரெண்டு வரியில சொன்னா அந்த ஃப்ரெண்ட் சொன்ன மாதிரிதான் தோணும்.

முதல்ல சுலபமான பதில். நாய்க்கு அனுமதி கிடையாது, கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போனாலும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. நாயை விட்டுட்டுப் போக மனசில்லைன்னா எட்ஜ்வுட் ரோட்டைத் தாண்டின உடனே புல்காஸ் ரிட்ஜ்னு ஒண்ணு இருக்கு, அங்க நாய்க்கு அனுமதி உண்டு, கயிறை அவுத்து விடுறதுக்கே தனியா ஒரு பகுதி இருக்கு (அந்த மேட்டுல ஒரு காலத்துல சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் நடத்தின டிபி ஆஸ்பத்திரி இருந்தது, இப்ப கட்டடம் எதுவும் இல்ல). பாலோ ஆல்டோ பக்கம்னா பியர்சன் அரஸ்ட்ரடேரோ ப்ரிசர்வ், அங்கயும் கயிறோட நாய் வரலாம், அதுவும் ஓக்கும் புல்லும் கலந்த இடம்தான். ஆனா எட்ஜ்வுட்ல இருக்கிறது அந்த ரெண்டுலயும் கிடைக்காது. காரணம் மண்ணு. அதுக்கு அப்புறம் வர்றேன், இந்தப் பதில்ல முக்கியமான விஷயமே அதுதான்.

பாம்பு, பூச்சி எல்லாம் உண்டு, பயப்படுற அளவுக்கு இல்ல, அதை விவரமா பின்னாடி சொல்றேன். காஞ்ச புல்லுதான்னு உங்க ஃப்ரெண்ட் சொன்னாரே, அவர் ஜூலைலயோ ஆகஸ்ட்லயோ போயிருப்பார். இந்த ஊர்ல மழை நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான், அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒரு சொட்டு விழாது. அதனால புல்லு டிசம்பர்ல முளைச்சு, மார்ச்ல பச்சையா நின்னு, மே கடைசியில விதை போட்டுச் செத்துடும். நம்ம ஊர்க் கணக்குல வெயில் முடிஞ்சு மழை வந்தா பச்சை, இங்க குளிரும் மழையும் சேர்ந்து வரும், வெயிலும் வறட்சியும் சேர்ந்து வரும், அதனால நல்ல கோடையில மலையெல்லாம் வெளுத்துப் போய் நிக்கும். எந்த ட்ரெயில்னு கேக்கிறதுக்கு முன்னாடி எந்த மாசம்னு கேக்கணும், எட்ஜ்வுட்ல பாதி பதில் அதுலயே வந்துடும்.

இடத்தைப் பத்திக் கொஞ்சம். மொத்தமே 467 ஏக்கர்தான், சான் மட்டேயோ கவுண்ட்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பார்க், 280 ஃப்ரீவேயை ஒட்டியே இருக்கு, ட்ரெயில் எல்லாத்தையும் சேர்த்தா சுமார் 10 மைல் வரும். பெரிய இடம் கிடையாது. காலையில போய் மத்தியானத்துக்குள்ள பெரும்பாலும் சுத்திட்டு வந்துடலாம். ஆனா இந்த 467 ஏக்கருக்குள்ள அடர்ந்த ஓக் காடு, புதர்க்காடு, புல்வெளி மூணும் இருக்கு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பத்து நிமிஷ நடையில போயிடலாம், அப்படி மாறும்போது காலுக்குக் கீழ மண்ணும் மாறுறது தெரியும்.

இப்ப அந்த மண்ணு. எட்ஜ்வுட்டோட நடுவுல இருக்கிற புல்வெளியில பல இடத்துல பச்சை கலந்த சாம்பல் நிறத்துல, சோப்புக் கட்டி மாதிரி வழவழன்னு ஒரு கல்லு வெளிய தெரியும். அது செர்பென்டைன். கலிஃபோர்னியா 1965ல இதைத்தான் மாநிலக் கல்லா அறிவிச்சது. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, கடலடித் தட்டுக்கும் கீழ இருந்த பாறை தண்ணியோட சேர்ந்து மாறி, தட்டுகள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு சொருகுறப்ப மேல தள்ளப்பட்டு வந்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இங்க இருந்து கூப்பிடு தூரத்துல, கிரிஸ்டல் ஸ்ப்ரிங்ஸ் ஏரி இருக்கிற அந்தப் பள்ளத்தாக்குலயே ஓடுது. இந்தக் கல்லு பொடிஞ்சு வர்ற மண்ணு செடிகளுக்கு ஆகவே ஆகாது. கால்சியம் கம்மி, மெக்னீசியம் ரொம்ப ஜாஸ்தி, நிக்கல் குரோமியம் மாதிரி உலோகம் வேற, நைட்ரஜன் சத்தோ ரொம்ப ரொம்பக் குறைவு. சாதாரணப் புல்லு இதுல வந்து விழுந்தா சோகை பிடிச்சு நிக்கும்.

அதுதான் இந்த இடத்துக்குக் கிடைச்ச பெரிய பாதுகாப்பு. ஏன்னா நீங்க கலிஃபோர்னியால எந்தப் பக்கம் காரை ஓட்டினாலும் பார்க்கிற அந்தத் தங்க நிற மலை இருக்கே, அந்தப் புல்லுல பெரும்பகுதி இந்த ஊர்ப் புல்லே கிடையாது. 1769ல இருந்து ஸ்பெயின்காரங்க மாடு, குதிரை, தீவனத்தோட வந்தாங்க, கூடவே மத்தியதரைக் கடல் பக்கத்துப் புல்லு விதையும் வந்துச்சு. காட்டு ஓட்ஸ், ப்ரோம், ரை கிராஸ்னு ஒவ்வொண்ணா பரவி, இங்க இருந்த பல வருஷம் வாழ்ற கொத்துப்புல்லையும் பூச்செடியையும் நெருக்கி ஓரம் தள்ளிடுச்சு. ஆனா செர்பென்டைன் மண்ணுல மட்டும் வந்தவங்களால காலூன்ற முடியல. அதனால பழைய கலிஃபோர்னியாவோட புல்வெளி எப்படி இருந்திருக்கும்னு பார்க்கணும்னா இந்த மாதிரிக் கல்லு மேட்டுலதான் பார்க்க முடியும். ஏப்ரல் ஆரம்பத்துல போனீங்கன்னா தரை முழுக்க மஞ்சளா கோல்ட்ஃபீல்ட்ஸ், நடுநடுவுல ஓரம் வெள்ளையா இருக்கிற டைடி டிப்ஸ், க்ரீம் கப்ஸ், ஆரஞ்சுல பாப்பி, ஊதாவுல ஓல்ஸ் க்ளோவர், எல்லாம் கணுக்கால் உயரம்தான், குனிஞ்சு பார்த்தா ஒரு ஜான் அகலத்துல ஆறேழு வகை இருக்கும். புல்வெளின்னு நினைச்சுப் போறீங்க, அங்க இருக்கிறது பூவெளி.

சரி, ட்ரெயில். மெயின் வாசல் ஓல்ட் ஸ்டேஜ் டே கேம்ப் பக்கம், எட்ஜ்வுட் ரோட்டுல இருந்து உள்ள திரும்பணும். பார்க்கிங், பிக்னிக் மேஜை, டாய்லெட், ஒரு சின்ன எஜுகேஷன் சென்டர் எல்லாம் இங்கதான். மேல ஏறிட்டா எதுவும் கிடையாது, தண்ணி நீங்களே கொண்டு போகணும். இங்க இருந்து ஸில்வன் ட்ரெயில்னு ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு ஓக் காட்டுக்குள்ள ஏறும். நிழல் நல்லா இருக்கும், ஏத்தமும் விடாம இருக்கும், ஆனா வளைவு போட்டுப் போறதால மூச்சு வாங்காது. அது மேல போய் செர்பென்டைன் ட்ரெயில்ல சேரும், அங்க சட்டுனு மரம் முடிஞ்சு வெளிச்சம் வந்துடும், இந்தப் பூவெளி அங்கதான். அதுல இருந்து சன்செட் ட்ரெயிலைப் பிடிச்சுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம், இல்ல ரிட்ஜ்வியூ பக்கம் ஏறி உச்சியைச் சுத்தலாம். கிழக்கே பார்த்தா வளைகுடாவும் உப்பளமும், மேற்கே பார்த்தா சான்டா க்ரூஸ் மலைத்தொடரும் அது மேல வழிஞ்சு இறங்குற பனிமூட்டமும். திரும்ப வர்றதுக்கு எட்ஜ்வுட் ட்ரெயிலைப் பிடிச்சா வடக்குச் சரிவுக் காட்டு வழியா அதே வாசலுக்கு இறங்கலாம். எப்படிச் சுத்துறீங்கங்கிறதைப் பொறுத்து மூணுல இருந்து நாலு மைல் வரும், பெரியவங்களோட போனா ரெண்டரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க, பூ சீசன்ல மூணு மணி நேரம்.

ஆனா நீங்க கேட்டது அம்மாவுக்கு முட்டி வலின்னு. அப்படின்னா மெயின் வாசல் வேண்டாம். அது பார்க்கோட தாழ்வான மூலை, அங்க இருந்து எங்க போனாலும் ஏறித்தான் ஆகணும், முட்டிக்காரங்களுக்கு ஏத்தத்தை விட இறக்கம்தான் கஷ்டம், வரும்போது முழுசா இறக்கம். கன்யாடா ரோடு பக்கம் கிளார்கியா ட்ரெயில் ஆரம்பிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, ரோட்டோரமா வண்டியை விட்டுட்டு உள்ள நுழையலாம், அது ஏற்கனவே மேட்டுல இருக்கு, கொஞ்சம் மெதுவான ஏத்தத்துலயே புல்வெளிக்கு வந்துடுவீங்க. டாய்லெட் கிடையாதுங்கிறது ஒண்ணுதான் குறை, அதை முன்னாடியே பார்த்துக்கோங்க. அரை மணி நேரம் நடந்து, பூவைப் பார்த்து, திரும்பி வந்தா போதும், முழு வட்டம் அடிக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. இங்க தூரத்தை அளந்து நடக்கிறவங்களை விட நின்னு பார்க்கிறவங்களுக்குத்தான் நிறையக் கிடைக்கும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

மாசக் கணக்குன்னு பார்த்தா, ஜனவரி பிப்ரவரியில காட்டுக்குள்ளதான் முதல்ல பூக்கும், மில்க்மெய்ட்ஸ்னு வெள்ளையா சின்னதா, ஹவுண்ட்ஸ் டங்னு நீலத்துல, அப்ப எட்ஜ்வுட் ட்ரெயிலும் ஸில்வனும் போதும். மார்ச் நடுவுல இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் செர்பென்டைன் ட்ரெயில், கேள்வியே இல்ல. மே மாசம் புல்லு பழுக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் கிளார்கியா பூக்கும், அந்த ட்ரெயிலுக்கே அந்தப் பேருதான், கூடவே மாரிபோசா லில்லியும் வரும். ஜூன் வந்துட்டா திறந்த வெளியில மத்தியானம் நடக்காதீங்க, காலையில எட்டு மணிக்குத் திறந்த உடனே போய்க் காட்டுப் பக்கமே சுத்திட்டு வந்துடுங்க. உங்க ஃப்ரெண்ட் பார்த்த காஞ்ச புல்லு அப்ப வந்துடும். அக்டோபர் நவம்பர்ல மறுபடி நல்லா இருக்கும், ஓக் கொட்டை விழுற காலம்.

ஓக்கைப் பத்தி ஒரு பாரா எழுதலைன்னா எனக்கு மனசு ஆறாது. எல்லாத்தையும் "ஓக்"னு ஒரே பேருல சொல்லிடுறோம், ஆனா இந்த ஒரு பார்க்லயே மூணு நாலு வகை. எப்பவும் பச்சையா, இலை சின்னதா, குழிஞ்சு, ஓரத்துல முள்ளு மாதிரி கூர் வெச்சு இருந்தா அது கோஸ்ட் லைவ் ஓக், அதோட இலையைத் திருப்பிப் பார்த்தா நரம்பு பிரியுற இடத்துல சின்னச் சின்ன முடிக்கொத்து தெரியும். இலை விரல் விரலா ஆழமா வெட்டியிருந்தா வேலி ஓக் (பள்ளத்தாக்குன்னு அர்த்தம் வர்ற Valley), குளிர்காலத்துல மொட்டையா நிக்கும், அமெரிக்க ஓக் வகைகள்லயே ரொம்பப் பெரிசா வளர்றதுல ஒண்ணு. இலை லேசா நீலம் பாய்ஞ்ச மாதிரி இருந்தா ப்ளூ ஓக், வறட்சி ரொம்ப ஆனா கோடையிலயே இலையைக் கொட்டிட்டு உயிரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கிளையில இருந்து சாம்பல் பச்சையில வலை வலையா ஒண்ணு தொங்கும், ஒட்டடைன்னு நினைச்சுடாதீங்க, அது லேஸ் லைக்கன் (லைக்கன்னா பூஞ்சையும் பாசியும் ஒண்ணாச் சேர்ந்து வாழ்றது), 2015ல சட்டம் போட்டு இதை மாநில லைக்கனா அறிவிச்சாங்க, அமெரிக்காவுலயே அப்படி ஒரு லைக்கனை அறிவிச்ச முதல் மாநிலம் கலிஃபோர்னியாதான்.

மரங்கொத்தி சத்தம் கேட்டா நின்னு பாருங்க. ஏகார்ன் வுட்பெக்கர்னு ஒண்ணு, தலையில சிவப்புத் தொப்பி, முகத்துல கருப்பு வெள்ளை, கூட்டுக் குடும்பமா வாழும். ஒரு காஞ்ச மரத்தை எடுத்துக்கிட்டு ஆயிரக்கணக்குல ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஓக் கொட்டையை அழுத்தி வெச்சுடும், கொட்டை காஞ்சு சுருங்கினா எடுத்துச் சின்ன ஓட்டைக்கு மாத்தும், தலைமுறை தலைமுறையா அதே மரம். பாதையோரம் சுள்ளியெல்லாம் குவிச்சு இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு இருந்தா அது யாரும் குப்பையைக் கூட்டி வெச்சது இல்ல, வுட்ராட்ங்கிற காட்டு எலியோட வீடு, அதுலயும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு பல தலைமுறை குடியிருக்கும்.

மனுஷங்களும் இதே கொட்டையைத்தான் சாப்பிட்டாங்க. இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்தவங்க ஓலோனி மக்கள். ஓக் கொட்டையில துவர்ப்பு கடுமையா இருக்கும், அப்படியே வாயில வைக்க முடியாது, அதனால இடிச்சு மாவாக்கி, தண்ணி ஊத்தி ஊத்தித் துவர்ப்பு போற வரைக்கும் அலசி, அப்புறம் கூழாவோ ரொட்டியாவோ செஞ்சாங்க. புல்வெளியை அப்பப்ப நெருப்பு வெச்சு எரிச்சுப் பராமரிச்சதும் அவங்கதான், புதர் ஏறாம, விதை கொடுக்கிற செடி நல்லா வரணும்னு. நாம "இயற்கையா இருக்கு"ன்னு சொல்ற இந்த ஓக் தோப்பும் புல்வெளியும் பாதி அவங்க கைவேலை.

இப்ப பயம் பத்தி. பாம்பை விட, மலைச்சிங்கத்தை (பூமா) விட, நீங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது பாய்சன் ஓக். பேருல ஓக் இருந்தாலும் ஓக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, அது மாமரம், முந்திரி, நம்ம ஊர் சேங்கொட்டை எல்லாம் இருக்கிற குடும்பம். மாங்காய்க் காம்பை ஒடிச்சா வர்ற பால் பட்டு உதட்டோரம் வெந்து போகும்ல, சேங்கொட்டைப் பால் பட்டா கொப்புளம் வரும்ல, அதே வகை எண்ணெய்தான் இதுலயும், பேரு உருஷியால், ஆனா இதுல ரொம்பக் கடுமை. அம்மாகிட்ட "சேங்கொட்டைச் சாதி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், அவங்க கிட்டயே போக மாட்டாங்க. அடையாளம்: ஒரு காம்புல மூணு இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளமா இருக்கும், வசந்தத்துல பளபளன்னு பச்சை, கோடை கடைசியில அழகா சிவக்கும், அந்தச் சிவப்பைப் பார்த்துட்டு ஃபோட்டோவுக்குப் பறிக்கிறவங்க உண்டு. குளிர்காலத்துல இலையே இல்லாம வெறும் குச்சியா நிக்கும், அப்பவும் குச்சியில எண்ணெய் இருக்கும். செடியா, புதரா, மரத்துல ஏறுற கொடியா எப்படி வேணும்னாலும் வளரும், எட்ஜ்வுட் காட்டுப் பகுதியில பாதையோட ரெண்டு பக்கமும் தாராளமா இருக்கு. பாதை நடுவுல நடந்தா ஒண்ணும் ஆகாது. பட்டுடுச்சுன்னு சந்தேகம் வந்தா எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சோப்பு போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, போட்டிருந்த பேன்ட்டைத் தனியாத் துவைங்க, ஷூ லேஸை மறந்துடாதீங்க, அந்த எண்ணெய் துணியில பல நாள் அப்படியே இருக்கும்.

அடுத்தது உண்ணி. இங்க இருக்கிற கருங்கால் உண்ணி கடிச்சா லைம்னு ஒரு பாக்டீரியா நோயைப் பரப்பும். மழை மாசத்துல பெரிசா வளர்ந்த உண்ணி புல்லு நுனியில காத்துக்கிட்டு இருக்கும், வசந்தத்துல கசகசா அளவுல இருக்கிற குட்டி உண்ணி ஓக் காட்டுச் சருகுலயும் கட்டையிலயும் இருக்கும். அதனால விழுந்து கிடக்கிற கட்டை மேல உக்காந்து சாப்பிடாதீங்க, நீளக் கையும் நீள பேன்ட்டும் போடுங்க, வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னாடி, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்க. இதுல ஒரு நல்ல விஷயம் சொல்றேன், பாதையில வெயில் காஞ்சுக்கிட்டு, எழுந்து எழுந்து படுத்து தண்டால் எடுக்கிற ஒரு பல்லி பார்ப்பீங்க, வயிறு நீலமா இருக்கும், வெஸ்டர்ன் ஃபென்ஸ் லிசார்ட். குட்டி உண்ணிகள் அதுமேலதான் நிறைய ரத்தம் குடிக்கும், அந்தப் பல்லி ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம் உண்ணிக்குள்ள இருக்கிற லைம் கிருமியைக் கொன்னுடுதுன்னு 1998ல பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. கலிஃபோர்னியால லைம் நோய் கிழக்குக் கரை அளவுக்கு இல்லாததுக்கு இது ஒரு காரணமாச் சொல்றாங்க.

பாம்புன்னா ராட்டில்ஸ்னேக், வெயில் ஏறினா ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பாதையில படுத்திருக்க வாய்ப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்துல கையையோ காலையோ வைக்காதீங்க, பார்த்தா நின்னு வழி விடுங்க, அதுவே போயிடும். மலைச்சிங்கம் இந்த மலைப்பகுதி முழுக்க இருக்கு, பார்க்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஒருவேளை பார்த்துட்டா ஓடாதீங்க, குனியாதீங்க, கையைத் தூக்கி உருவத்தைப் பெரிசாக் காட்டி சத்தம் போடுங்க, குழந்தை இருந்தா தூக்கிக்கோங்க. அவ்வளவுதான்.

பாதையை விட்டு இறங்காதீங்கன்னு அங்க எங்க பார்த்தாலும் போர்டு இருக்கும். அது ஏன்னு தெரிஞ்சா போர்டு இல்லாமலே இறங்க மாட்டோம், அதனால இந்தக் கதையைச் சொல்லிடுறேன். 1960கள்ல இந்த இடத்துல ஒரு காலேஜ் கட்டணும்னு மாநில அரசு வாங்கிப் போட்டது, அது நடக்கல. 1980ல கவுண்ட்டியும் மிட்பெனின்சுலா திறந்தவெளி அமைப்பும் சேர்ந்து பார்க்குக்குன்னு வாங்கினாங்க, ஆனா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஓடின திட்டம் என்னன்னா கோல்ஃப் கோர்ஸ். மேல இருந்து பார்த்தா காலி நிலம்தானே, வெறும் புல்லுதானே, புல்லை எடுத்துட்டு இன்னொரு புல்லு போட்டா என்னன்னு ஒரு எண்ணம். உள்ளூர் தாவர ஆர்வலர்கள் விடல, இங்க என்னென்ன செடி இருக்குன்னு ஒவ்வொண்ணாக் கணக்கெடுத்து, மக்களை வாரா வாரம் கூட்டிட்டுப் போய்ப் பூவைக் காட்டி, கடைசியில 1993ல கவுண்ட்டி இதை இயற்கைப் பாதுகாப்பு இடமா அறிவிச்சது. அந்தக் கோல்ஃப் கோர்ஸ் வந்திருந்தா சான் மட்டேயோ தார்ன்மின்ட்னு ஒரு சின்னச் செடி, புதினாவோட சொந்தக்காரச் செடி, அதுக்கு இயற்கையா மிஞ்சி இருக்கிற இடம் நடைமுறையில இது ஒண்ணுதான், அது உலகத்தை விட்டே போயிருக்கலாம்.

ஆனா நிலத்தைக் காப்பாத்தினதோட கதை முடியல. பே செக்கர்ஸ்பாட்னு ஒரு வண்ணத்துப்பூச்சி, கருப்பு, செம்மஞ்சள், வெள்ளைன்னு கட்டம் போட்ட இறக்கை. இதோட புழு சாப்பிடுறது முக்கியமா ஒரு குட்டிச் செடியை, ப்ளான்டாகோன்னு பேரு, செர்பென்டைன் மண்ணுல விரல் உயரம் வளரும். வசந்தத்துல முட்டை, புழு வெளிய வந்து ஓரளவு வளர்றதுக்குள்ள செடி காஞ்சிடும், அதுக்குள்ள வளர்ந்த புழுக்கள் மட்டும் கோடை முழுக்கத் தூங்கி, மழை வந்ததும் எழுந்து மிச்சத்தைச் சாப்பிட்டு, மார்ச் ஏப்ரல்ல பறக்கும். ஒரு வாரம் முன்ன பின்ன ஆனாலும் கணக்கு தப்பிடும். பக்கத்துல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட ஜாஸ்பர் ரிட்ஜ் ஆராய்ச்சி நிலத்துல பால் எர்லிக்ங்கிற உயிரியலாளர் 1960ல இருந்து இதைத்தான் ஆராய்ஞ்சார், அங்க இருந்த கூட்டமே 1990கள் கடைசியில அழிஞ்சு போச்சு. 1987லயே மத்திய அரசு இதை ஆபத்துல இருக்கிற இனப் பட்டியல்ல சேர்த்திருந்தது.

எட்ஜ்வுட்ல என்ன ஆச்சுன்னா, ஓரமா ஓடுற 280 ஃப்ரீவே. கார் புகையில இருந்து வர்ற நைட்ரஜன் காத்துல கலந்து வந்து இந்த மண்ணுல படிஞ்சுக்கிட்டே இருந்தது. நம்ம பார்வைக்கு அது மாசு, மண்ணுக்கு அது உரம். எந்தச் சத்து இல்லாததால வெளியூர்ப் புல்லு இங்க வர முடியாம இருந்ததோ அந்தச் சத்தைக் கார்கள் கொண்டு வந்து கொட்டிடுச்சு, ரை கிராஸ் உள்ள நுழைஞ்சு ப்ளான்டாகோவை மூடிடுச்சு, 2000களோட ஆரம்பத்துல வண்ணத்துப்பூச்சி இங்க இருந்து காணாமப் போச்சு. ஸ்டூவர்ட் வைஸ்ங்கிற உயிரியலாளர் 1999ல இந்தத் தொடர்பை எழுதினார், சான் ஹோசே பக்கம் மாடு மேய்ஞ்ச இடத்துல புல்லு கட்டுக்குள்ள இருந்து பூச்சி பிழைச்சது, மாட்டை வெளிய அனுப்பின இடத்துல புல்லு ஏறிப் பூச்சி சரிஞ்சது. மாடு மேய்ச்சா நிலம் கெடும்னு நினைச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு இது பெரிய பாடம். எட்ஜ்வுட்ல மாட்டுக்குப் பதிலா, ப்ளான்டாகோ விதை போட்டதுக்கப்புறம் ரை கிராஸ் விதை போடுறதுக்கு முன்னாடி, அந்தச் சரியான இடைவெளியில புல்லை வெட்டுறாங்க, 2007ல இருந்து சான் ஹோசே பக்கத்து கயோட்டி ரிட்ஜ் மேட்டுல இருந்து புழுக்களைக் கொண்டு வந்து விட ஆரம்பிச்சாங்க. நீங்க ஏப்ரல்ல செர்பென்டைன் ட்ரெயில்ல நடக்கிறப்ப பாதையை விட்டு ஃபோட்டோ எடுக்க ரெண்டடி உள்ள வெச்சா மிதிபடுறது இந்த ப்ளான்டாகோதான், பார்க்கப் புல்லு மாதிரியே இருக்கும், கண்ணுக்கே தெரியாது.

நிழல் காட்டுல இன்னொரு விஷயம் கவனிங்க. பே லாரல்னு ஒரு மரம், இலையைக் கசக்கினா மூக்குல ஏறும், பிரிஞ்சி இலைக் குடும்பம்தான், வாசம் அதை விடக் காரம். அந்த மரத்துக்கு ஒண்ணும் ஆகாம அதோட இலையில ஒரு நோய்க்கிருமி தங்கும், மழைத் தண்ணியில தெறிச்சுப் பக்கத்துல இருக்கிற லைவ் ஓக்கைக் கொல்லும், சடன் ஓக் டெத்னு பேரு, 1990கள்ல இருந்து கலிஃபோர்னியா கடலோரக் காடுகள்ல எக்கச்சக்க மரம் செத்திருக்கு. வேலி ஓக், ப்ளூ ஓக் ரெண்டுக்கும் இது வர்றதில்ல. ஈர மண்ணுல ஷூ வழியாவும் பரவும், அதனால மழைக்காலத்துல போனா ஷூ அடியில இருக்கிற சேறை அங்கயே தட்டிட்டு வண்டியில ஏறுங்க, அதே ஷூவோட அடுத்த பார்க்குக்குப் போகாதீங்க. இலையும் பறிக்க வேண்டாம், பார்க் விதிப்படி எதையும் பறிக்கக் கூடாது, பிரியாணிக்குக் கடையில கிடைக்கிறதே போதும்.

உங்களுக்கு நேரடியா ஒரு யோசனை சொல்றதுன்னா, ஏப்ரல் முதல் ரெண்டு வாரத்துல ஒரு சனி இல்ல ஞாயிறு. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எட்ஜ்வுட்ங்கிற தன்னார்வ அமைப்பு பூ சீசன்ல வார இறுதிகள்ல இலவசமா கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க, ஒவ்வொரு செடிக்கும் நின்னு நின்னு சொல்வாங்க, அதனாலயே நடை ரொம்ப மெதுவா இருக்கும், அப்பாவுக்கு அது சரியா வரும். பார்க்கிங் சின்னது, அந்த மாசத்துல காலையிலயே நிரம்பிடும், அதனால ரெண்டு வண்டியில போகாம ஒண்ணுல போங்க. அம்மாவை அந்தக் கூட்டத்தோட ஏத்த வேண்டாம், நீங்களும் அம்மாவும் கிளார்கியா பக்கம் தனியா ஒரு நாள், வாரநாள்ல, பத்து மணிக்கு மேல வெயில் வந்ததுக்கப்புறம் போங்க, பாப்பி எல்லாம் மேகமும் குளிருமா இருந்தா விரியாது, சீக்கிரம் போனா மூடினபடியேதான் இருக்கும். தொப்பி, தண்ணி, ஊன்றி நடக்க ஒரு குச்சி, செருப்பு வேண்டாம் ஷூ போடச் சொல்லுங்க. தயிர் சாதம் கட்டிட்டுப் போனா சாப்பிட நல்ல இடம் ஓல்ட் ஸ்டேஜ் பக்கத்து பிக்னிக் மேஜைதான், அங்க கார்லயே அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்.